தராசு சாமியின் எடை

வெள்ளிக்கிழமை காலையில் கரிக்கலாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. கூட்டம் போகிற பக்கம் போனால் தராசு சாமி வந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்பு நெல் விளைந்த நிலம் அது. இப்போது கல் நட்டு மனையாகப் பிரித்திருக்கிறார்கள். வீடு கட்ட யாரும் வரவில்லை, ஒரு சாமிதான் வந்தார். தகரக் கொட்டகை, அதன் நடுவில் நெல் மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் மேடை, மேடைக்கு மாலை, குங்குமம், சூடம். இங்கே நிறுப்பது மூட்டையை அல்ல. கேன்சரை.

சாமியின் பழைய பெயர் பச்சையப்பன். அந்த மனைகளை விற்க வந்த ஏஜெண்ட். மண்ணை வாங்க ஆளில்லை என்றதும் ஒரே வாரத்தில் ஞானம் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான ஞானம் பாருங்கள். நாம் தின்பதைத்தான் கேன்சர் தின்கிறதாம். அதனால் சோறு, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அருகம்புல்லும் பாகற்காயும் அரைத்த சாறு மூன்று வேளை. வெள்ளிக்கிழமை வந்து மேடையில் ஏற வேண்டும். எத்தனை கிலோ குறைந்திருக்கிறதோ, அத்தனை கிலோ கேன்சர் கரைந்துவிட்டது.

பட்டினி போட்டால் இளைத்துப்போகும் என்பது உழவு மாட்டுக்குத் தெரியும். மாடு வந்திருந்தால் கேட்டிருக்கும். வந்தவர்கள் மனிதர்கள், கை தட்டினார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. காசிக்குப் போனால் ஒரு காயை விட்டுவிட்டு வருகிறோமே, அந்த மாதிரி. நோயாளி எதை விடுகிறாரோ அதை மேடைக்குப் படைத்துவிட வேண்டும். நாட்டுக்கோழி, முட்டைத் தட்டு, நெய், வஞ்சிரம் என்று வந்து குவியும். சாயங்காலத்துக்குள் அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் பலிக்காதாம்.

சுத்துக்கேணி ஆதிமூலம் கரும்புக்காரர். அவர் மனைவி தனக்கொடிக்கு வயிற்றில் வந்த கேன்சர் ஈரல்வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார்.

"முழுசா குணமாக்க முடியாதுங்க. ஊசி மருந்து போட்டா நாள் கூடும், வலி குறையும். அதுக்கு ஒடம்புல தெம்பு வேணும். முட்டை, மீன், பருப்பு, எது எறங்குதோ குடுங்க. நாப்பது கிலோவுக்குக் கீழ போயிட்டா இந்த மருந்த அவங்க தாங்க மாட்டாங்க."

ஆதிமூலம் காதில் முதல் வரி மட்டும் விழுந்தது. நேரே தராசு சாமியிடம் வந்தார். சாமி தனக்கொடியைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்: பதினைந்து கிலோ கேன்சர். அன்றைக்கு அவள் எடையே நாற்பத்தெட்டு. அவள் வளர்த்த இரண்டு கோழிகளும் அன்றே மேடைக்குப் போயின.

ஐந்து வாரம் ஆயிற்று. ஊசிக்கு டாக்டரம்மா குறித்திருந்த நாள் வருகிற திங்கட்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் தனக்கொடி பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்து வூட்டுல மீன் கொழம்பு வைக்கிறாங்கய்யா. எனக்கு அழுகையா வருது. ஒரு பிடி சோறு போடேன்."

"பாதி கரைஞ்சிடுச்சி தனம். இன்னும் ஏழெட்டு கிலோதான்."

"அதுவும் கரைஞ்சா எங்கிட்ட இன்னா மிஞ்சும்?"

ஆதிமூலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீ போயிட்டா நான் இன்னாடி பண்ணுவேன். பயமா இருக்குது."

தனக்கொடிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மனுஷனின் பயத்தை ஒருத்தன் சாறு பிழிகிறானே என்றுதான் வந்தது.

மறுநாள் மேடை 40.3 காட்டியது. கொட்டகை அதிரக் கைதட்டல். தனக்கொடி கீழே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"சாமி, நீங்க ஒருவாட்டி ஏறுங்க."

"நான் எதுக்கும்மா?"

"தொறக்குற அன்னிக்கு ஏறி ஆசீர்வாதம் பண்ணீங்களே, அந்த மாதிரி."

சாமியின் தலைக்கு மேலேயே பிளெக்ஸ் பேனர் தொங்கியது. எட்டு மாதத்துக்கு முந்தைய திறப்பு விழாப் படம். சாமி மேடையில் நின்று கை தூக்குகிறார், காலடியில் சிவப்பு எழுத்தில் 71. "ஏறுங்க சாமி" என்று கூட்டம் கெஞ்சியது. ஏறினார்.

93.

"மெஷின் கோளாறா இருக்கும்பா" என்றார் ஒருவர்.

கரும்பு எடை என்றால் சர்க்கரை ஆலை வாசலில் மணிக்கணக்கில் சண்டை போடுகிற ஆதிமூலத்துக்கு அது பொறுக்கவில்லை. "இதே மெஷின்தான எம்பொண்டாட்டிக்கு நாப்பது காட்டுச்சு?"

"எட குறைஞ்சா கேன்சர் கரையுது, சரி" என்றாள் தனக்கொடி. "ஏறுனா இன்னா சாமி?"

மனை விற்ற வாய் சும்மா இருக்குமா? "உங்க நோயையெல்லாம் நான் வாங்கித் தாங்கறேம்மா" என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். கூட்டம் உருகிவிட்டது. பாகூரிலிருந்து வந்திருந்த ஜோஸ்பின் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நமக்காக இருவத்திரண்டு கிலோ சொமக்கறாரே. இவர நாம காப்பாத்த வேணாமா?"

சாறு வந்தது. படையல் கோழியும் முட்டையும் சாமிக்கு ஆகாது என்று தூரப் போயின. சுற்றி நாற்பது பேர் பாசத்தோடு காவல் உட்கார்ந்தார்கள். தனக்கொடியும் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். "அஞ்சு வாரம் இருந்தேன், ஒரு நாள் இருக்க மாட்டேனா" என்றாள்.

காலையில் ஒரு டம்ளர். மத்தியானம் ஒரு டம்ளர். மூன்று முறை புதருக்குப் போய் வந்த சாமி ஒரே ஒரு இட்லி கேட்டார்.

"நீங்க துன்னா கேன்சரும் துன்னுடும் சாமி" என்றாள் ஜோஸ்பின், அழாத குறையாக.

சாயங்காலம் மறுபடி ஏற்றினார்கள். 92. கைதட்டல். "ஒரு கிலோ கரைஞ்சிடுச்சி சாமி. இன்னும் இருவத்தொண்ணுதான்."

மூன்றாவது டம்ளரைப் பார்த்ததும் சாமிக்குள்ளிருந்து பச்சையப்பன் வெளியே வந்துவிட்டார். "யோவ், எனக்கு கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க குடுத்த கோழியத் துன்ன ஒடம்புய்யா இது. பட்டினி போட்டா எவனுக்கும்தான்யா எட குறையும். வுடுங்கய்யா என்னை."

ஆதிமூலம் மெல்ல எழுந்தார்.

"அப்ப எம்பொண்டாட்டிகிட்ட கரைஞ்சது இன்னா?"

"நான்தான்யா" என்றாள் தனக்கொடி.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. பச்சையப்பன் ஓடினபோது எடை ஒரு தடையாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். சாமி தின்றது போக, தனக்கொடியின் கோழிகளில் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் உயிரோடு மிச்சம் இருந்தது. அன்றைக்கே அது ரசமாயிற்று. அவளுக்கு நாலு வாய்தான் இறங்கியது. அந்த நாலு வாயையும் ஆதிமூலம்தான் ஊட்டினார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தராசு 40.8 காட்டியது. டாக்டரம்மா திட்டிவிட்டு ஊசி போட்டார். நோய் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு கொட்டகை போட்டுவிடுவீர்கள்.

கரும்பில் ஏழு கிலோ குறைத்துப் போட்டால் ஆலை வாசலில் மறியல் செய்கிறீர்கள். வீட்டு மனுஷியிடம் ஏழு கிலோ குறைந்ததற்குக் கை தட்டினீர்கள். அடுத்த தடவை தட்டுவதற்கு முன், அந்தக் கையால் தலையைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் யாருக்காவது படைத்தாகிவிட்டதோ என்னவோ.