மரை பொருந்தாத ஒலியடக்கி

2019 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை. வெப்பநிலை நான்கு பாகை. விடிந்தது முதல் நூல் நூலாகத் தூறல். கூஹ்மோ ஊருக்கு மேற்கே ஏரிக்கரையில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், காலை எட்டு மணிக்கு, நான் ஓர் உறுதி பூண்டேன்: "இவ்வீட்டில் துப்பாக்கி தொடர்பான முடிவுகளை இனி நானே எடுப்பேன்."

மனத்துக்குள்தான் பூண்டேன். என் மனைவி ஹில்க்கா அடுப்பருகில் நின்றிருந்தாள்.

என் பெயர் தைஸ்தோ. எங்கள் பின்லாந்து மொழியில் அதற்குப் 'போர்' என்று பொருள். பெயரிட்டவர்கள் ஹில்க்காவைப் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமைகள் பதினைந்து. என் வீட்டில் பதினாறாவதும் உண்டு. அது எனக்கும் ஹில்க்காவுக்கும் இடையில்.

கடமான் வேட்டை தொடங்க இரண்டு வாரங்களே இருந்தன. சதுப்பு நிலத்தின் விளிம்பில் உள்ள எட்டாம் எண் மேடை இருபத்தாறு இலையுதிர் காலங்களாக என்னுடையது. அதில் நிற்பவனுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அம்மேடையில் இவ்வாண்டும் கம்பீரமாக நிற்க எனக்கு வேண்டியது ஒன்றுதான்: குழல் முனையில் திருகிச் சத்தத்தைக் குறைக்கும் புதிய ஒலியடக்கி. பழையதை, நனைந்த வேட்டைக்குப் பின் கழற்றிக் காயவைக்காமல் துப்பாக்கியிலேயே விட்டுவிட்டேன். உள்ளே துரு. அசைத்தால் கிலுகிலுப்பை.

"கழட்டி வையுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள் ஹில்க்கா.

"சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை."

இது பொய்யன்று. ஒலியடக்கி இல்லாமல் சுட்ட இளமைக் காலத்தின் பயனாக, என் இடது காது எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

பழையதைக் கழித்துக்கட்ட எண்ணி, எட்டு நாற்பதுக்கு வேட்டைக் குழுவின் கைப்பேசிக் குழுமத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டேன். அரை மணி நேரம் செதுக்கிய உரைநடை. ஒரு காற்புள்ளி பிசகவில்லை. பெயர்ச்சொல் ஒன்று மட்டும் பிசகியது. ஒலியடக்கிக்கு எங்கள் மொழியில் 'வைமென்னின்' என்று பெயர். 'என் மனைவி' என்பதற்கு 'வைமோனி'. இவ்விரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஒலியால் மட்டும் அண்டை வீடு. என் கைப்பேசி, எழுதுகிறவனைக் கேளாமல் சொற்களைத் திருத்தும் வகையைச் சார்ந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறரைத் திருத்தியவனை அது திருத்திவிட்டது.

இருபத்திரண்டு வேட்டைக்காரர்கள் படித்தது இது:

"மாற்றிக்கொள்ளத் தயார்: என் மனைவி. பதினாறு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. கனம் அதிகம். மூன்று முறைக்கு மேல் சூடாகிவிடும். உள்ளே ஏதோ கடகடக்கிறது. மரை மட்டும் நல்ல நிலையில் உள்ளது. புதியதாக, சத்தமில்லாததாக ஒன்று தேவை."

முதல் மறுமொழி ஒரு நிமிடத்தில் வந்தது: "நாய்க்குட்டி ஒண்ணு இருக்கு. சம்மதமா?"

இரண்டாவது: "சத்தமில்லாதது கிடைச்சா எனக்கும் ஒண்ணு சொல்லி வையுங்க."

மூன்றாவது மறுமொழியின் ஒலி என் கைப்பேசியில் கேட்கும்போதே அடுப்பருகிலும் ஒரு கைப்பேசி கீழே வைக்கப்பட்டது. திறந்தேன். அனுப்பியவர்: ஹில்க்கா.

"மாற்றிக்கொள்ள எனக்கும் சம்மதம். மரை பத்திரமாத்தான் இருக்கு. கழண்டது அவருக்கு."

"நீ எப்படி வேட்டைக் குழுமத்தில் இருக்கிறாய்?" என்றேன், தாக்குதலே சிறந்த தற்காப்பு என்று கருதி.

"எத்தனை பேருக்குச் சூப்பு வைக்கணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

விடை பொருத்தமாக இருந்தது. வேட்டை நாள்களில் பட்டாணிச் சூப்பு வைப்பவள் அவள்தான்.

"ஹில்க்கா, அது எழுத்துப் பிழை."

"பதினாறு வருஷம்னு போட்டிருக்கீங்க. கல்யாணமாகி முப்பத்தொண்ணு. மிச்சப் பதினஞ்சு வருஷம் என்னை எங்க வெச்சிருந்தீங்க?"

"அது ஒலியடக்கியின் வயது!"

"கனம் அதிகமாம்!"

"அதுவும் ஒலியடக்கி!"

"சூடாகிடுமாம்!"

அவ்வொரு தொடர் இரண்டுக்கும் பொருந்தியது.

தீர்ப்பு உடனே வந்தது. புதிய ஒலியடக்கியை ஹில்க்காவே தேர்ந்தெடுப்பாள். நான் உடன் வரலாம்.

பிறர் இவ்விடத்தில் மனம் தளர்ந்திருப்பர். நான் தளரவில்லை. எனக்கு வேண்டியது எது என்பதை மூன்று வாரமாக அட்டவணைகள் படித்து முன்பே முடிவு செய்திருந்தேன்: எஃகில் செய்த, குழலின் மேல் பின்னோக்கி இறங்கிப் போர்த்திக்கொள்ளும் நீண்ட வகை. சத்தத்தை அதைப் போல் விழுங்குவது வேறில்லை. அதை ஹில்க்காவின் வாயாலேயே கேட்க வைக்கும் வழியும் எனக்குத் தெரியும். முப்பத்தோராண்டு ஆராய்ச்சியின் முடிவு இது: நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். எனவே நான் குட்டை வகையைப் புகழ வேண்டும். அவ்வளவுதான்.

கார் ஓட்டியவள் ஹில்க்கா. எங்கள் நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஆகவே என் இடது காது அவள் பக்கம். வழியில் ஏதோ நெடுநேரம் சொன்னாள். 'மூணு மணி' என்பது மட்டும் விழுந்தது. தலையாட்டினேன். செவி மந்தமானவனின் கௌரவம் தலையாட்டுவதில் இருக்கிறது.

கடைக்காரன் ரெய்யோ, எங்கள் வேட்டைக் குழுவின் தலைவனும் அவனே. எட்டாம் வகுப்பில் என்னிடம் இலக்கணத்தில் இரு முறை தோற்றவன். என்னைக் கண்டதும் அவன் உதடுகள் துடித்தன. அறிவிப்பைப் படித்திருக்கிறான்.

"வாங்க சார். வாங்க அக்கா. எதை மாத்தணும்? யாரை மாத்தணும்?"

"ஒலியடக்கியை" என்றேன், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே உச்சரித்து.

இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று என் நெடிய எஃகு அழகி. மற்றது டைட்டானியத்தில் செய்த குட்டை. கையில் எடுத்தால் எடுத்த உணர்வே இல்லை.

"பெரிசுல சத்தம் நல்லா அடங்கும், சார். தோள்ல உதையும் குறையும். ஆனா முனை பாரம் கீழ இழுக்கும். சின்னது இலகு, புதர்ல தட்டாது. சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எதை மாட்டினாலும் காதுக்குக் கவசம் போட்டுக்கணும். மாட்டின பிறகு குறியைத் திரும்பச் சரிபார்க்கணும், குண்டு விழுற இடம் மாறிடும்."

நான் குட்டையைக் கையிலேந்தினேன். என் நடிப்புத் திறனைப் பள்ளி ஆண்டு விழாக்கள் வீணாக்கிவிட்டன என்பது அன்று புலனாயிற்று.

"ஆகா! என்ன இலகு! என்ன அடக்கம்! எனக்கு ஐயமே இல்லை, ஹில்க்கா. இதுதான். அந்த எஃகுத் தூண் நமக்கு எதற்கு? அதை ஒருபோதும் வாங்காதே."

காத்திருந்தேன். 'இல்லை, பெரிதுதான் வேண்டும்' என்னும் தொடர் அவள் நாவில் உருவாவதற்காகக் காத்திருந்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், வாத்தியாரே" என்றாள் ஹில்க்கா. "ரெய்யோ, சின்னதையே குடுப்பா."

முப்பத்தோராண்டில் முதல் முறையாக என் மனைவி என் கருத்தை ஏற்றாள். அதைவிடக் கொடிய அடியை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை.

"இன்னொரு முறை சிந்திக்கலாமே? பெரியதிலும் சில நற்கூறுகள்..."

"ஐயமே இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க? ஒரு இலக்கண வாத்தியார் பேச்சு மாறலாமா?"

மாறலாகாது. என் பாடத்தை எனக்கே நடத்தினாள்.

ரெய்யோ என் இடப்பக்கம் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டான். அவள் ஏதோ விடையளித்தாள். என் இடப்பக்கத்தில் நிகழும் உரையாடல்கள் என் ஆட்சிக்கு உட்பட்டவை அல்ல. பின்பு அவன் ஒரு நீளப் பையைத் தூக்கிவந்து எங்கள் காரின் பின்புறத்தில் வைத்தான். தூண்டில் கம்பு என்று எண்ணினேன். புறப்படும்போது என் வலப்பக்கம் வந்து, "அக்கா இந்தக் கோடையில அருமையாச் சுடறாங்க, சார்" என்றான்.

"எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே" என்றேன்.

அவன் ஏன் அவ்வளவு நேரம் இருமினான் என்று அப்போது விளங்கவில்லை. செய்தி இதுதான்: ஜூன் மாதத்தில் ஹில்க்கா, "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சுடக் கத்துக்கப் போறேன்" என்றாள். நன்று என்றேன். அரிசிக்கூழ் வைத்து, ரை என்னும் குளிர்நாட்டுத் தானிய மாவில் சுடும் பணியாரம் எனக்கு உயிர். கோடை முடிந்தது, ஒரு பணியாரமும் வீடு வந்து சேரவில்லை. கருகியிருக்கும் என்று பெருந்தன்மையோடு கேளாமல் விட்டேன்.

பகல் முழுவதும் ஹில்க்கா தன் தங்கை வீட்டில் காப்பி குடித்தாள். நான் உடன் அமர்ந்து துயருற்றேன். வீடு திரும்பும்போது மணி மூன்றரை. என் துப்பாக்கியை எடுத்துக் குட்டையை மாட்ட முயன்றேன். திருகினேன். ஏறவில்லை. மீண்டும் திருகினேன். கடகடவென்று சுற்றி, கையோடு வந்துவிட்டது.

வாசகர்களே, என் உள்ளத்தில் விளக்கேற்றியது போல் இருந்தது. மரையின் அளவு தவறு! ஹில்க்கா தவறிழைத்துவிட்டாள்! இதைத் திருப்பிக் கொடுக்கலாம். எஃகு அழகியை வாங்கலாம். இருபது ஆண்டுகளுக்குச் சொல்லிக்காட்டலாம்.

சமையலறையில் கால் பதித்து, வகுப்பறைக் குரலில் தொடங்கினேன். "ஹில்க்கா! என் துப்பாக்கிக் குழலின் மரை பதினான்கு மில்லிமீட்டர். நீ வாங்கியது பதினைந்து. பொருந்தாது!"

"தெரியும்" என்றாள், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

"தெரிந்துமா வாங்கினாய்?"

"என் துப்பாக்கிக்குப் பதினஞ்சு."

நீளப் பை மேசைமேல் இருந்தது. திறந்தாள். தூண்டில் கம்பு இல்லை. குட்டை ஒலியடக்கியை என் கையிலிருந்து வாங்கி அதன் முனையில் திருகினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் ஏறியது.

"நீ... வேட்டைக்காரியா?"

"ஜூன்லயே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். சுடுதேர்வு ஆகஸ்ட்ல. நாலு குண்டும் வட்டத்துக்குள்ள. அதனாலதான் குழுமத்துல சேர்த்தாங்க."

"சூப்புக்கு என்றாயே!"

"எத்தனை பேருக்குன்னு தெரிய வேணாமான்னு கேட்டேன். அதுக்குத்தான் சேர்ந்தேன்னு சொன்னேனா?"

"சுடக் கற்றுக்கொள்ளப் போவதாக..."

"ஆமா. போனேன்."

"பணியாரம் என்றல்லவா நினைத்தேன்!"

"சுடுறதுன்னா செயப்படுபொருள் வேணும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீங்க? எதைச் சுடப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா, வாத்தியாரே?"

நாற்காலியில் அமர்ந்தேன். இலக்கணம் என்னைக் கைவிட்டதில்லை. நான்தான் அதைக் கைவிட்டிருக்கிறேன்.

"இருக்கட்டும்" என்றேன், எஞ்சிய மிடுக்கைத் திரட்டி. "நீயும் வா. உனக்கும் ஒரு மேடை கிடைக்கும். எட்டாம் மேடையில் நான், துருப்பிடித்த ஒலியடக்கியோடேனும் நிற்பேன்."

"எந்த அட்டையை வெச்சு?"

"எந்த அட்டை?"

"உங்க சுடுதேர்வு அட்டை ஆகஸ்ட்லயே காலாவதி. இந்த வருஷத்துக் கடைசித் தேர்வு இன்னைக்கு. மூணு மணியோட முடியுது, கடைக்கு முன்னாடி அங்க போயிடலாமான்னு கார்ல கேட்டேன். தலையாட்டினீங்க."

"எந்தப் பக்கம் ஆட்டினேன்?"

"இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. வேணாம்னு எடுத்துக்கிட்டேன்."

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது.

பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. அக்டோபர்த் திங்கள் பன்னிரண்டாம் நாள் வேட்டை தொடங்கியது. வானம் தெளிவு, தரையில் உறைபனி. செல்லத்தக்க அட்டை இல்லாதவன் துப்பாக்கி ஏந்த இயலாது என்று ரெய்யோ வருத்தத்தோடு அறிவித்தான். வருத்தம் அவன் முகத்தில் இல்லை. எட்டாம் மேடையில் ஹில்க்கா நின்றாள். ஒன்பது ஐம்பதுக்கு, அறுபது மீட்டர் தொலைவில், ஒரே குண்டில் ஒரு கடமான் காளையை வீழ்த்தினாள். குட்டை ஒலியடக்கி நன்றாகவே வேலை செய்தது. சரியான தேர்வு என்று எல்லாரும் பாராட்டினர். தேர்ந்தெடுத்தவர் தன் கணவர் என்று அவள் உண்மையைச் சொன்னாள். இறைச்சி முறைப்படி பங்கிடப்பட்டது. என் பழைய ஒலியடக்கியை யாரும் வாங்கவில்லை. அதில் இப்போது அவளுடைய பின்னல் ஊசிகள் நிற்கின்றன.

நான் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்து, மானைக் கலைத்து விரட்டுவோர் வரிசையில், "ஹோய்! ஹோய்!" என்று காடதிரக் கூவிக்கொண்டு நடந்தேன். முப்பத்தோராண்டு இல்லறத்தில், ஹில்க்காவின் காதுபட உரக்கக் கத்துவதற்கு எனக்கு அனுமதி கிடைத்தது அன்று ஒரு நாள்தான்.