அணைத்து வைத்த ரேடியோவும் வந்து சேர்ந்த துக்கமும்

சேவுகம்பட்டி,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பொன்னுத்துரைக்கு உன் அப்பா பெருமாள்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பசுமாடும் சுகம். கோயமுத்தூரில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஊரில் யாரும் அப்படி நம்பவில்லை.

முதலில் கையெழுத்தைப் பார். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை, முழுக்க நானே எழுதுகிறேன். முதியோர் பள்ளி புஷ்பமேரி டீச்சர் ‘ழ’ போடச் சொல்லிக்கொடுத்தபோது விரல் வலித்தது. இப்போது வேண்டாத இடத்திலும் ஒன்று போடலாம் போல ஆசையாக இருக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் மாடு ஒரு கட்டுப் புல்லைத் தின்றுவிடுகிறது.

உன் அம்மா போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கக்கூடாது என்று நீ வாங்கிக்கொடுத்தாயே ரேடியோ, எல்லாம் அதனால்தான் வந்தது. அது பேசும்போது எழுதினால் கேட்பதெல்லாம் கைவழியே இறங்கிவிடுகிறது. உன் உடம்பை விசாரித்து எழுத உட்கார்ந்தவன், கடலோரத்தில் பலத்த காற்று வீசும் என்று எழுதி வைத்திருந்தேன். அதனால் கடிதம் முடியும்வரை என்று அதை அணைத்தேன். முதலில் காது குடைந்தது. அப்புறம் மாடு அசைபோடுவது கேட்டது, தென்னை மட்டை உரசுவது கேட்டது, நான் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். சாவு விழுந்த வீட்டில்தான் ரேடியோவை நிறுத்துவார்கள் என்பதை மறந்துபோனேன்.

பக்கத்து வீட்டு ராமர் பெண்சாதி சண்முகவள்ளி வாசலில் வந்து மூக்கைச் சிந்தினாள். “என்ன மாமா, தந்தி வந்துச்சா?” என்றாள். “ஒண்ணும் வரல தாயி. ரேடியோவை நாந்தேன் நிப்பாட்டி வச்சிருக்கேன்” என்றேன். “பாவம், மனுசன் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குறாரு” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு இருப்பது நீ ஒருவன்தான் என்பதால், செத்தது யார் என்று யாரும் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று என் அடுப்பில் தண்ணீர் தெளித்தார்கள். என் கூட்டாளி மூக்கையா தன் வீட்டிலிருந்து சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்தான். “ஏலே, எம்மவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கான்டா” என்றேன். “இருப்பான் மாப்ளே, நம்ம மனசுல என்னைக்கும் இருப்பான். நீ சாப்பிடு” என்று உருண்டை பிடித்து வாயில் வைத்தான். கத்தரிக்காய் நன்றாக இருந்ததால் மேற்கொண்டு மறுத்துப் பேச முடியவில்லை.

ரேடியோ பாடிய காலத்தில் இதே ஆட்கள் தினமும் வருவார்கள். சேதி கேட்டு முடிந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ரேடியோவும் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லோரும் போன பிறகும் மூக்கையா போகவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு உன் அம்மாவும் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

ஆகையால் ரேடியோ எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. தனியாக இருக்கப் பழகிவிட்டேன், சத்தமில்லாமல் இருப்பதும் பிடித்துவிட்டது. இதற்காக நீ மில்லில் லீவு போட்டு வரவேண்டாம். தக்காளி லாரி ஓட்டும் கிதர் முகம்மது கோயமுத்தூருக்குத்தான் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ உயிரோடு இருப்பதாக ஒரு கார்டு போட்டால் போதும். தெருவைக் கூட்டி நானே வாசித்துக் காட்டுவேன்.

வேளைக்குச் சாப்பிடு. பழனியாண்டவர் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். ஊர் சொன்னதை அவர் நம்பியிருக்கமாட்டார்.

இப்படிக்கு,
பெருமாள்சாமி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன் கிதர் முகம்மது ரேடியோவை வாங்கிப்போக வந்துவிட்டார். துணியில் சுற்றிக் கட்டித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் “இன்னும் கட்டலை பாய், நீங்க போங்க” என்று அனுப்பிவிட்டேன். அதையும் கொடுத்துவிட்டால் நீ இங்கே வர ஒரு காரணமும் இருக்காது. கார்டு போடாதே, ஊர் நம்பாது. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. வந்தால் என்ன பேசுவது என்று யோசிக்காதே. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.