டிகிரி அக்கா நடத்திய கடன் ஒத்திகை

வீட்டுக் கடன் என்பதை முழுவதுமாகப் புரிந்துகொண்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எந்த வங்கியிலும் வேலை பார்க்கவில்லை. மீனாட்சிபுரத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால், எங்கள் பால் சொசைட்டியில், லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவர் பெயரே டிகிரி. நான் பி.காம்., எம்.காம். என்று இரண்டு டிகிரி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகும், "டிகிரி எங்கீங்க?" என்று யாராவது கேட்டால் அது என்னைப் பற்றிய விசாரிப்பாக ஒருநாளும் இருந்ததில்லை.

சொசைட்டியில் மெஷின் உண்டு. பாலை ஊற்றினால் கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று அதுவே எழுத்தில் காட்டிவிடும். டிகிரி அக்கா அந்த மெஷினையும் லாக்டோமீட்டரை வைத்துச் சோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார். ஒத்துப்போகாவிட்டால் பாலை விட்டுவிட்டு, கொண்டுவந்தவரின் முகத்தை அதே ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அந்தப் பார்வை தாங்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு தானாகவே திரும்பிப் போன பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பது வயது ஆகாத அந்த அக்காவுக்கு ஒத்திகைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. பள்ளி ஆண்டு விழாவில் ஒத்திகை பார்க்காமல் ராஜா வேஷம் கட்டி மேடையேறி, வசனம் மறந்து, மந்திரியிடமே "இப்ப நான் என்ன சொல்லோணும்?" என்று கேட்டுவிட்டாராம். அன்று முதல் எதையும் ஒருமுறை நடித்துப் பார்க்காமல் அவர் செய்ததில்லை. தன் கல்யாணத்துக்குக்கூட முந்தின நாள் ஒரு கயிற்றை வைத்துத் தாலி கட்ட வைத்துப் பார்த்தார் என்கிறார்கள். மாப்பிள்ளை முடிச்சுப் போடத் தெரியாமல் திணறினாராம். மறுநாள் சரியாகப் போட்டாராம்.

கடனுக்குள் அவர் கால் வைத்தது ஒரு டெய்லரால். வீட்டை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை வாங்குவதை எங்கள் பக்கம் ஒத்தி என்பார்கள். அவர் வாடகை தரவேண்டாம், நீங்கள் வட்டி தரவேண்டாம். வருஷக் கணக்கு முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். வட்டியே இல்லாத கடன் என்று டெய்லருக்கு ஒரே குஷி. ஐந்து வருஷ ஒத்திக்குப் பத்திரம் எழுதி எடுத்துவந்து டிகிரி அக்காவிடம் காட்டினார்.

"ஒத்தி சரிங்க. ஒத்திகை பாத்தீங்களா?"

டெய்லர் விழித்தார்.

"கையெழுத்துப் போட்டா அஞ்சு வருசமுங்க. பதினஞ்சு நாளு நடிச்சுப் பாக்கறதுல என்ன கேடுங்க?"

டெய்லர் குடும்பம் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போனது. ஒத்திக்கு எடுத்தவராக நடிக்க வேறு ஆள் தேடவில்லை. டிகிரி அக்காவே தன் மாமியாரோடும் இரண்டு ஆடுகளோடும் டெய்லர் வீட்டில் குடியேறினார். ஆடுகளை முன்வாசல் கறிவேப்பிலைச் செடியில் கட்டினார். மாமியார் சமையலறைச் சுவரில் ஆணி அடித்தார். டெய்லரின் மனைவி நாளுக்கு நான்கு தடவை அந்த வழியாக நடந்து, தன் செடி மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தார். ஒன்பதாம் நாள் வந்து, வட்டி எவ்வளவு ஆனாலும் கட்டித் தொலைக்கிறோம், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவர்களுக்கு வங்கிக் கடன்தான் என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் அக்கா ஒத்திக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். மாசத்தில் இருபத்தைந்து நாள் வெளியூரில் இருக்கும் ஒரு லாரி டிரைவருக்கு அதே ஒத்திகை, அதே ஆடுகள். அவர் வந்து பார்த்துவிட்டு, யானையையே கட்டினாலும் எனக்குக் கவலையில்லை என்றார். அவருக்கு ஒத்திதான் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். அவரும் சொன்ன வருஷத்தில் வீட்டை மீட்டார்.

பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. காலையில் பால் அளந்து முடிந்ததும் கடன் அளக்க ஆள் நின்றது. நிலையான வட்டி கேட்டு வந்த பேக்கரிக்காரரைப் பொறாமைக்குச் சோதித்தார். மாசாமாசம் வந்து ஒரே தவணையை வாங்கிக்கொண்டு, வெளியில் வட்டி இறங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கு முந்நூறு ரூபாய் குறைந்துவிட்டது, உங்களுக்கு அதேதான், நடுவில் அடைக்கலாம் என்றால் அதற்கும் அபராதம் உண்டு என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார். பேக்கரிக்காரர் மூன்றாம் மாசம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டார். உங்களுக்கு மாறுகிற வட்டிதான் லாயக்கு என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அடுத்து, வீட்டின் பேரில் வங்கி மாசாமாசம் முதியவர்களுக்குப் பணம் தரும் தலைகீழ்க் கடன் ஒன்று இருக்கிறதே, அது. அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடனை அடைத்தால் வீடு பிள்ளைகளுக்கு. இல்லாவிட்டால் வீட்டை விற்று வங்கி எடுத்துக்கொள்ளும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அதைக் கேட்டு வந்தார். அக்கா வாத்தியாரின் பென்ஷனையே ஒரு கவரில் போட்டு, வங்கி கொடுப்பதுபோல அவரிடம் நீட்டினார். பிறகு பெங்களூரில் இருந்த இரண்டு மகன்களுக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று தீபாவளிக்கு வராத மகன்கள் அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், ஆளுக்கொரு பழக்கூடையோடு. வாத்தியார் கடன் வாங்கவில்லை. ஒத்திகையை மட்டும் மாசத்துக்கு ஒருமுறை நடத்தித் தர முடியுமா என்று அக்காவிடம் கேட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் எக்ஸெல்லைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. தார்ப்பாய் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நானும் அப்பாவும் அம்மாவும் இருந்தோம். காற்றடித்தால் சமையலறை ஊதிப் புடைக்கும். எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடன் என் பேரில், இருபது வருஷம். பதினொரு கட்டம் போட்டு, எல்லா வகைக் கடனையும் எல்லா வங்கியையும் அலசி, மாறுகிற வட்டிதான் லாபம் என்று நிரூபித்திருந்தேன். ஆரம்பத்தில் வட்டி குறைவு, நடுவில் அடைத்தால் அபராதம் இல்லை, என் சம்பளமோ ஏறிக்கொண்டே போகப்போகிறது. உண்மையைச் சொன்னால் யோசனை கேட்கப் போகவில்லை. பாராட்டு வாங்கப் போனேன்.

அக்கா லேப்டாப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணை மூடவும் செய்தார்.

"இதுல உங்கப்பா எந்தக் கட்டத்துல இருக்காரு அம்மிணி?"

வீடு அப்பா பேரில் இருப்பதால் அவரும் கூடக் கையெழுத்துப் போடுவார் என்றேன். அக்கா பால் கேன் மூடியை மூடுவதுபோல லேப்டாப்பை மூடினார். மூன்று மாசம் ஒத்திகை என்றார்.

ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு ஒரு கறுப்புப் பையோடு வந்தார். தினமும் அப்பாவை அண்ணா, அண்ணா என்று கூப்பிடுபவர் அன்று "கஸ்டமர் இருக்காரா?" என்றார். அம்மா நீட்டிய தண்ணீரை, டூட்டியில் குடிப்பதில்லை என்று திருப்பினார். தவணை பதினோராயிரம். ஒன்பது என் சம்பளத்தில், இரண்டு அப்பாவின் பால் காசில்; செவலையும் இன்னொரு மாடும் கறவையில் இருந்தன. எண்ணி வாங்கி, ரசீது கொடுத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போனார். பணம் சொசைட்டி பீரோவில் எங்கள் பேர் எழுதிய டப்பாவில் பத்திரமாக இருந்தது.

இரண்டாம் மாசம் வட்டி ஏறிவிட்டது என்று வாசலிலேயே அறிவித்தார். தொகையை ஏற்றவா, வருஷத்தை ஏற்றவா என்று கேட்டார். வருஷத்தை ஏற்றினால் நான் ஐம்பது வயதுவரை கட்டவேண்டும் என்று அவரே கணக்குச் சொன்னார். தொகையை ஏற்றச் சொன்னேன். மூன்றாம் மாசம் மறுபடியும் ஏற்றினார். நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது என்று நான் சண்டைக்குப் போனேன். ஒத்திகையில் கஞ்சத்தனம் கூடாது என்றார்.

நான் அந்த மாசம் கட்டவேண்டிய பரீட்சைக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டேன். பட்டயக் கணக்காளர் பரீட்சை. அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஐந்தாம் தேதி அப்பா தன் பங்குக்கு இரண்டாயிரம் அல்ல, நாலாயிரம் எடுத்து நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் பாஸ் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சொசைட்டியில் எங்கள் கேனைத் திறந்த அக்கா பேனாவைத் திறக்கவில்லை. வழக்கமாக ஒன்பது லிட்டர் வரும் கேனில் நாலு லிட்டர் இருந்தது. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, லாக்டோமீட்டரைக் கையில் பிடித்தபடியே எழுந்து, ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு நடந்தார். அவர் கவுண்டரை விட்டு எழுந்ததை அதுவரை ஊர் பார்த்ததில்லை. வரிசையில் பாதி பேர் கேனோடு பின்னாலேயே வந்தார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, செவலை எங்கீங்க?"

அப்பா தார்ப்பாயைப் பார்த்தார். "மேய்ச்சலுக்குப் போயிருக்குது."

"அஞ்சு லிட்டரும் சேர்ந்து மேயப் போயிருக்குதுங்களா?"

"வட்டி ஏறிப்போச்சில்ல. புள்ள பரிச்சைக்குக் காசு கட்டாம உட்டுட்டா. கேட்டாச் சொல்ல மாட்டா. அதான் மாட்டைக் குடுத்துட்டேன்."

"அண்ணா, அது பொய் வட்டிங்க. நான் ஏத்துனது."

"தெரியுது. நாளைக்கு நெசமா ஏறுனாலும் நான் இதத்தான செய்வேன். ஒத்திகைன்னா அப்படித்தான பாக்கோணும்?"

டிகிரி அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எந்த முகத்தையும் ஒரு பார்வையில் அளந்துவிடும் அவர், அன்று எங்கள் அப்பாவை இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அடுத்து அவர் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. டப்பாவையும் அப்பாவிடம் மீதியிருந்த மாட்டுக் காசையும் எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை பஸ் ஏறினார். நானும் லீவு சொல்லிவிட்டுக் கூடவே ஓடினேன். மாட்டு வியாபாரி செவலையைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா, கடன் ஒத்திகை என்பதால் அதற்காக நடந்த விற்பனையும் ஒத்திகைதான், ஆகவே மாடு விற்கப்படவே இல்லை என்று வாதாடினார். இப்படியொரு சட்டத்தை வியாபாரி கேள்விப்பட்டதில்லை. நானும் இல்லை. ஆனால் அந்த ஒற்றைக் கண் அவரையும் அளக்கத் தொடங்கியபோது அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கொடுத்த விலையோடு, அவருடைய வண்டிக் கூலிக்கென்று அக்கா தன் பர்ஸிலிருந்து ஐந்நூறு சேர்த்துக் கொடுத்தார். அந்த ஐந்நூறை நான் எத்தனை முறை நீட்டியும் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது மாட்டை நடத்திக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"மாறுற வட்டி உங்கூட்டுக்கு ஆகாது அம்மிணி. வட்டி ஏறுறதுல ஒண்ணும் தப்பில்லை. ஏறுனா உங்கூட்டுல ஒருத்தருக்கொருத்தர் சொல்ல மாட்டீங்க. நீ பரிச்சைய உடுவே, உங்கப்பா மாட்டை விப்பாரு. உங்கம்மா எதை விப்பாங்கன்னு நாலாவது மாசந்தான் தெரிஞ்சிருக்கும்."

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கை தானாகக் காதுத் தோட்டுக்குப் போனது.

முதல் ஐந்து வருஷம் நிலையான வட்டி, பிறகு மாறுகிற வட்டி என்று ஒரு கலப்புக் கடனை எடுத்தோம். ஆரம்பத்தில் மாசம் கொஞ்சம் கூடுதல். என் எக்ஸெல் அதை நஷ்டம் என்று சிவப்பில் காட்டியது. அந்த ஐந்து வருஷத்துக்குள் பேசிப் பழகிக்கொள்ளுங்கள் என்பது அக்காவின் உத்தரவு. பரீட்சைக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டினேன். சுவர் எழும்பியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் டிகிரி அக்கா கணவர் வேலைக்காக உடுமலைப் பக்கம் குடிபோனார். ஆடுகளையும் மாமியாரையும் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அரை ஊர் நின்றது.

போன மாசம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருஷம் முடிந்தது, இனி மாறுகிற வட்டி, தவணை ஆயிரத்துச் சொச்சம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்ததும் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்மா, தான் கட்டும் ஏலச்சீட்டில் மாசம் ஐந்நூறு குறைத்துக்கொள்ளலாம் என்றார். பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன், உண்மையிலேயே முடியும் என்று சம்பள ரசீதையும் காட்டினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டிகிரிக்கு ஒரு போன் போடு."

"எதுக்குப்பா? இது நெசம். ஒத்திகை இல்லை."

"நெசம்னுதான் சொல்லோணும். அதுகிட்டச் சொல்லாம எப்படி?"

போட்டேன். வட்டி, தவணை, கடிதம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் கறாரான குரல் வந்துவிட்டது.

"மாடு ஊட்டுலதான இருக்குது?"

இருக்கிறது அக்கா, எல்லோரும் இருக்கிறோம் என்றேன். போனை அப்பாவிடம் கொடுத்தேன்.