கில்ஹூலிக்கு ஆறடி மண்

இதயம் இனி ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் கையை விரித்த அன்றே ஃபின்டன் கில்ஹூலி சபதம் எடுத்தார். மனைவி வழி மல்வி குடும்பத்துக் கல்லறையில் மட்டும் படுப்பதில்லை. கல்யாணமானதிலிருந்து மாமனார் வீடு, மாமனார் வயல், மாமனார் மாடு. செத்த பிறகுமா?

"அப்ப எங்கதான் படுப்பீங்க?" என்றாள் மனைவி அட்ராக்டா, உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே.

"கில்ஹூலி மண்ணுல. எங்க வம்சத்துல எவனும் வீட்டோட மாப்பிள்ளையா போனதில்ல. நான்தான் ஏமாந்தேன்."

"அந்த மண்ணு எங்க இருக்கு?"

"தேடுவேன்."

"தேடுங்க. வண்டிய நான் ஓட்டுறேன்."

அவள் எதிர்த்துப் பேசாதது அவரை உறுத்தியது. ஆனாலும் அயர்லாந்தின் லீட்ரிம் மழையில், குளிர்காலம் முழுக்க, பதிவு அலுவலகத்துக்கும் பாதிரியார் வீட்டுக்குமாக இருவரும் அலைந்தார்கள்.

பழைய நிலப் பதிவில் ஆள் கிடைத்தார். டிரம்கீல் மலையில் மலாக்கி கில்ஹூலி, ஒரு குடிசை, கொஞ்சம் சேற்று நிலம். ஃபின்டன் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? எங்க கொள்ளுத்தாத்தா."

உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு எழுதிய பதிவை அட்ராக்டா புரட்டினாள். அதே இடம். குடிசை இல்லை, ஆள் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் ஆடுகள் மேய்ந்தன.

சர்ச்சின் கல்யாணப் பதிவில் மலாக்கி இரண்டு முறை இருந்தார். முதலில் ஹானோராவோடு. பஞ்சம் முடிந்த வருஷம் மறுபடியும்: மனைவியை இழந்தவர், மணமகள் வினிஃப்ரெட் மல்வி, இருப்பிடம், மாமனார் வீடு.

ஹானோரா என்ன ஆனாள், பிள்ளைகள் இருந்தார்களா, எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதவும் வேண்டாம். அந்த மலையில் பட்டினியால் செத்தவர்கள் ஏழைகள் விடுதிக்குப் பின்னால் ஒரே குழிக்குள்தான் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஃபின்டன் மணமகளின் பேரில் விரலை வைத்தார். "மல்வியா?" என்றார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட அக்கா. மலையிலேர்ந்து தவழ்ந்து வந்தவருக்குக் கஞ்சி ஊத்தினாளாம். அவர் திரும்பிப் போகவேயில்ல. எங்க கல்லறையில முதல்ல படுத்ததே அவர்தான்."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் இப்படி அலைய விட்ட?"

"உங்களைக் படுக்கையில விழ விடாதேன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்கே சொல்லியிருந்தா கோவத்துல விழுந்திருப்பீங்க. இப்ப பாருங்க, குளிர்காலத்தைத் தாண்டிட்டீங்க."

கொஞ்சம் மானமாவது மிஞ்சட்டும் என்று ஃபின்டன் குரலை உயர்த்தினார். "சரி, அங்கேயே படுக்கிறேன். ஆனா கல்லுல என் பேர் இருக்கணும்."

"வெட்டியாச்சு," என்றாள் அட்ராக்டா, வண்டிச் சாவியை எடுத்தபடி. "என் பேருக்குக் கீழ."