படுக்கையறை வடக்குச் சுவர் தொடர்பாக

ஓசூர்,
ஜனவரி 8.

கிருஷ்ணகிரியில் வசிக்கும் கட்டட ஒப்பந்ததாரரும் என் மனைவியின் தமையனாருமான திரு. கிருஷ்ணப்பன் அவர்களுக்கு, வழக்கறிஞர் பூபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்கள் கட்டிய சுவர் நலமாக இல்லை.

தங்கள் தங்கை வினோதா கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினேழு நாட்கள். காரணம் தாங்கள் அறிந்ததே: படுக்கையறை வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, கறுப்பாகப் பூசணம் பூத்து, அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. புறப்படும்போது, "ஜன்னலத் தொறங்கன்னா சட்டப்படி யோசிக்கணும்ங்கறீங்க. எங்கண்ணன் ஊட்ல போயி கொஞ்ச நாள் மூச்சு வுட்டுக்கறேன்" என்றாள். இதில் ஜன்னலுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே என் தரப்பு. லாரிப் புழுதியும் மார்கழிக் குளிரும் திருடர்களும் உட்புகாதிருக்க எல்லா ஜன்னல்களையும் நானே ரப்பர் பட்டை வைத்து, டேப் ஒட்டி மூடியிருக்கிறேன். எறும்புகூட என் அனுமதியின்றி நுழைய முடியாத வீட்டில் ஈரம் மட்டும் எவ்வாறு நுழைந்தது? தாங்கள் அஸ்திவாரத்தில் காட்டிய கைவண்ணத்தின் வழியாகத்தான்.

தாங்கள் பெருந்தன்மையுடன் அனுப்பிவைத்த பாகலூர் மேஸ்திரி சென்றாயன் சுவரைப் பார்க்கவில்லை. படுக்கையறைக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த என் கறுப்புக் கோட்டையும், அடுப்பில் மூடியின்றிக் கொதித்த வெந்நீரையும் பார்த்தார். "சார், ஓதம் கீழருந்து ஏறல. நீங்க உடற ஆவியெல்லாம் போக வழியில்லாம, சில்லுனு இருக்கற செவுத்துல போயி ஒக்காருது" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். சாட்சியே நீதிபதியாவதை என் இருபத்தாறு ஆண்டுத் தொழிலில் அன்றுதான் கண்டேன். பின்னர் அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரிக்க வேண்டுமாம். சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் கட்டடத்தின் குற்றமாம், அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் குடியிருப்பவரின் குற்றமாம். அவர் தங்கள் தரப்பு ஆள் என்பதால், எவரும் கலைத்துவிடாதபடி நான்கு மூலைகளிலும் அரக்கு முத்திரையிட்டுத் தேதியுடன் கையொப்பமிட்டுள்ளேன். நாளை காலை பிரிப்பேன். முடிவில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே பொங்கலுக்குள் தாங்கள் நேரில் வந்து மேற்படி சுவரை இடித்துக் கட்டித் தரவும், வினோதாவையும் உடன் அழைத்துவரவும் கோருகிறேன். இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே அவகாசம் இருப்பின், சுவர் காத்திருக்கும். நான்தான் மூன்று வேளையும் ரசத்தில் இருக்கிறேன்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும், அங்கு நன்றாக மூச்சு விடுபவர் உட்பட, என் அன்பும் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
பூபதி

பின்குறிப்பு, ஜனவரி 9: தாளைப் பிரித்தேன். சுவரைத் தொட்ட பக்கம் அப்பளம்போல் காய்ந்திருந்தது. அறையைப் பார்த்த பக்கம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. அரக்கு உடையவில்லை; கையொப்பமும் என்னுடையதே என்பதால் மறுக்க வழியில்லை. மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். ஐந்து ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். கோட்டு மொட்டைமாடியில் காய்கிறது. கடிதத்தை வினோதாவிடம் காட்ட வேண்டாம். இந்தப் பின்குறிப்பை மட்டும் கத்தரித்துக் கொடுக்கவும்.