ஈஸ்டர் முட்டைகள் ஏறிய சுவர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன், உங்கள் வீட்டு முன்னறையில், உங்கள் நாற்காலியில் அல்ல, அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். அங்கே உங்கள் சின்ன மகனும் மருமகளும் பிறந்திருக்கும் குழந்தையும் நீங்களும் அப்படியே நலமாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இது நான் எழுதும் முதல் கடிதம். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை. அதனால் சுவரைப் பற்றி நாளைக்குத்தான் எழுத முடியும். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது.

நாளை வந்துவிட்டது. நீங்கள் சின்ன மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணா, இந்தச் சுவர்ல ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது, பார்த்துக்குங்க” என்று சொன்னீர்கள். நீங்களே நிறம் தேர்ந்து, பெயிண்டர் கூடவே நின்று, மூன்று பூச்சு அடிக்க வைத்த வெளிர்பச்சைச் சுவர். ஆணி ஒன்றும் இறங்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். பேத்திகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஈஸ்டருக்குச் சிறு பிள்ளைகளோடு சேர்ந்து சுவர் அலங்காரம் செய்வது எப்படி என்று வரிசையாக அச்சடித்திருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவள் தாளை நீட்டி, “படிச்சுச் சொல்லுங்க தாத்தா” என்றாள். சம்பந்தி அம்மா, நான் நாற்பது வருடம் தெருச் சுவர்களில் போஸ்டர் ஒட்டியவன். ஒன்றையும் படித்ததில்லை. படத்தில் இருப்பவரின் தலை எந்தப் பக்கமோ அது மேல்பக்கம். படமே இல்லாத போஸ்டர் என்றால், தெருவில் போகிற யாரையாவது நிறுத்தித் தலை எது, கால் எது என்று கேட்டுக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவனிடம் ஒரு குழந்தை தாளை நீட்டிப் படிக்கச் சொன்னால் அவனுக்குத் தலைகால் புரியுமா? மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

ஒரு வரி படிப்பேன், உடனே மூவரும் எழுந்து அதைச் செய்வோம், பிறகு வந்து அடுத்த வரியைப் படிப்பேன். முதல் வரி, வண்ணத் தாளில் முட்டைகள் வெட்டச் சொன்னது. வெட்டினோம். அடுத்தது, சின்னவளின் உள்ளங்கையை மஞ்சள் வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் அது கோழிக்குஞ்சு ஆகும், கட்டைவிரல் தலை, மற்ற விரல்கள் இறகு என்றது. பதித்தோம், ஆயிற்று. சின்னவளை நாங்கள் சுண்டு என்றுதானே கூப்பிடுகிறோம், மூன்று வயதுக்கு அவளுக்கு இருக்கிற வேகம் போஸ்டர் ஒட்டும் தொழிலில் எனக்கு இருந்ததில்லை. தாள் தீர்ந்ததும் சுவரிலேயே பதித்துவிட்டாள். முயலுக்குப் பஞ்சு வால் வைக்கச் சொல்லியிருந்தது, உங்கள் அலமாரியில் இருந்த பஞ்சுச் சுருளை எடுத்தோம். பதினேழு முயல்கள். பஞ்சு மிச்சமில்லை. முட்டை அட்டைப் பெட்டியின் குழிகளை வெட்டிப் பூக்கள் செய்தோம். சன்னல் கண்ணாடியில் வண்ணக் கண்ணாடித்தாள் முட்டைகளைப் பொருத்தினோம். அதற்கடுத்த வரி, எல்லாவற்றையும் ஒட்டுவதற்குத் தயார் செய்யவும் என்றது.

ஒட்டுவது என்றால் என்னை யாரும் தயார் செய்ய வேண்டியதில்லை. மாவுப் பசை காய்ச்சினேன். தெருப் பசைக்குப் போடுகிற மயில்துத்தத்தை மட்டும் விட்டுவிட்டேன், அது விஷம், பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். மற்றபடி அதே கெட்டி, அதே சூடு. சுவரை ஈரமாக்கி, அடியில் ஒரு பூச்சு, தாளை வைத்து நடுவிலிருந்து விளிம்புக்குக் காற்றைத் தள்ளி, மேலே இன்னொரு பூச்சு. எந்தச் சுவர் பசையைக் குடிக்கும், எந்தச் சுவர் துப்பும் என்று எனக்குக் கை வைத்தாலே தெரியும். உங்கள் சுவர் குடிக்கிற சுவர். தொட்டால் தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பேத்திகள் இருவரும் பாயில் தூங்கிவிட்டார்கள். சன்னல் முட்டைகள் வழியாக வெயில் வந்து, சிவப்பும் நீலமுமாகச் சுவரில் ஏறி, ஒரு முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு நகர்ந்தது. நான் அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தேன். நீலம் பட்ட முயல் ஒரு அடி எடுத்து வைத்தது போலவும், மஞ்சள் குஞ்சுகள் சத்தமில்லாமல் வாய் திறப்பது போலவும் இருந்தது. அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி அசைந்தது. நான் ஒட்டிய எதுவும் ஒரு வாரம் தங்கியதில்லை, சம்பந்தி அம்மா. அடுத்தவன் வந்து மேலே ஒட்டிவிட்டுப் போவான். இதன்மேல் யாரும் ஒட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே தாளின் கடைசி வரியைப் படித்தேன். ‘எதையும் சுவரில் நேரடியாக ஒட்டாமல், ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிடவும்.’

அதை முதல் வரியாகப் போட்டால் அச்சகத்தாருக்கு என்ன குறைந்துவிடும்?

மகள் தோளில் பையோடு வந்து நின்றவள் நின்றபடியே, “அப்பா, இது அத்தையோட சுவர்” என்றாள். மாப்பிள்ளை கிட்டப் போய் ஒரு முட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது உரியுமா மாமா?” என்று கேட்டார். “மழையே உரிக்காது மாப்பிள்ளை” என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வெந்நீரும் துணியுமாக ஒரு முயலை எடுக்கப் பார்த்தோம். முயலோடு உங்கள் பச்சையும் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அதோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வேறொரு முயலை ஒட்டினேன். அதுவும் என் தவறுதான்.

பெண் கொடுத்த வீட்டில் இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று வந்தவன், பதினான்கு மாதமாக இருக்கிறேன். நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உங்களிடம் கேட்டு நடக்க வேண்டியது ஒரே ஒரு சுவர், அதையும் காப்பாற்றத் தெரியவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு வந்து அதைப் பார்க்கும்போது நான் எதிரில் நின்றால் நீங்கள் கோபத்தை அடக்கிக்கொள்வீர்கள். அது எனக்கு இன்னும் சங்கடம். ஆகவே என் அண்ணன் மகன் வீட்டுக்குச் சனிக்கிழமை போய்விடுவதாக முடிவு செய்து பெட்டியைக் கட்டிவிட்டேன். பேத்திகளிடம் சொல்லவில்லை. சுண்டு அந்தப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பேருந்து ஓட்டுகிறாள். என்னையும் பின்னால் உட்காரச் சொல்லி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். இங்கேயேதான் என்றேன். பயணச்சீட்டு கிழித்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்கள் தாளில் உள்ளபடிதான் செய்தார்கள். பிறந்த குழந்தைக்கு நல்ல தூக்கமும், அதன் அம்மாவுக்கு அதைவிட நல்ல தூக்கமும், உங்கள் முழங்காலுக்குச் சுகமும் கிடைக்கட்டும். உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: நான்கு நாள் எழுதி முடித்து, உறையில் விலாசம் எழுதித் தரும்படி மகளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். முதல் முட்டை ஒட்டியதுமே பெரியவள் வீட்டில் கிடந்த அம்மாவின் பழைய போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். ஒவ்வொன்று ஒட்டும்போதும் அனுப்பினாளாம். பதினேழாவது முயலை நீங்கள் என் மகளுக்கு முன்பே பார்த்தீர்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா எழுதுறதை நிறுத்திடுவீங்கப்பா” என்றாள். பிறகு நீங்கள் பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் காட்டினாள். “ஈஸ்டருக்கு நான் அங்க வரலை, நீங்க எல்லாரும் இங்க வாங்க. குழந்தை படுக்கிற ரூம்ல ஒரு சுவர் மொட்டையா நிக்குது. அண்ணாவைப் பசை காய்ச்சி எடுத்துட்டு வரச் சொல்லு. பஞ்சு நான் வாங்கி வச்சிட்டேன்.” மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்துவிட்டு, பசைப் பானையையும் பிரஷ்ஷையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆகவே மேலே எழுதியிருப்பது எதற்கும் இனி அவசியமில்லை. ஆனாலும் இதைக் கிழிக்க மனம் வரவில்லை. தபாலிலும் போடவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து, அவசரப்படாமல் படிக்க வேண்டும். நான் எழுதியதை ஒருவர் படிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் இதுவரை பார்த்ததில்லை.