ஸ்வெட்டர் அங்கிள் வீட்டு மாடி அறை

வெயில் என்று ஒன்று இருப்பதையே கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்தியாவில் ஒருவர்தான் இருந்தார். போயும் போயும் அவர் வீட்டு மாடியில்தான் எனக்கு அறை கிடைத்தது. என் ஜாதகம் அப்படி.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அவரை எல்லோரும் ஸ்வெட்டர் அங்கிள் என்றுதான் சொல்வார்கள். ரிடையரான அரசாங்க குமாஸ்தா. மெரூன் கலரில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருந்தார். ஜனவரியிலும் அதுதான், ஏப்ரலிலும் அதுதான். சர்ச்சுக்கு, மார்க்கெட்டுக்கு, பால் வாங்க, எங்கே போனாலும் அது உடம்பில் இருக்கும். நெற்றியில் வியர்வை வழிந்தால் துடைக்க மாட்டார். துடைத்தால் வியர்த்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் திருவொற்றியூர்க்காரன். கடற்காற்றின் பிசுபிசுப்பில் பதினெட்டு வருஷம் சட்டை முதுகில் ஒட்டியபடியே வளர்ந்தவன். இன்ஜினீயரிங் படிக்க பெங்களூர் வந்ததில் பாதிச் சந்தோஷம் படிப்புக்காக, பாதி குளிருக்காக. காலேஜ் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் நானும் வேலூர்க்காரன் குமரேசனும் வெளியே அறை தேடினோம். தேடியது டிசம்பரில். அதுதான் நான் செய்த மகா முட்டாள்தனம். அறை பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் மாதம் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். நான் டிசம்பர் சாயங்காலம் போய், பல் கிடுகிடுக்க, அங்கிளின் மனைவி ஆன்ட்டி கொடுத்த சூடான காபியைக் குடித்துக்கொண்டே அறை பார்த்தேன். சொர்க்கமாகத் தெரிந்தது.

"ஃபேன் எங்க அங்கிள்?" என்று கீழே இறங்கி வந்ததும் குமரேசன்தான் கேட்டான். கூரையில் ஃபேன் மாட்டுவதற்கான கொக்கிகூட இல்லை.

சாராயம் கேட்டதைப் போல அங்கிள் முகம் மாறியது. "ஃபேனா? இது பெங்களூருப்பா! எங்கப்பா இந்த வீடு கட்டும்போதே கொக்கி வேணாம்னுட்டாரு. ஃபேன் போட்டா தெருவுல என்ன பேசுவாங்க? ஊருக்கே அவமானம்."

நாங்கள் தலையாட்டிவிட்டு, மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இதில் உள்ள அநியாயத்தைக் கவனியுங்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. கீழ்வீடு பழைய காலத்து வீடு. உயரமான கூரை, கனமான சுவர், வாசலில் மாமரம். அங்கே உட்கார்ந்தால் யாருக்கும் ஃபேன் வேண்டாம்தான். எங்கள் அறையோ மொட்டைமாடியில் பிற்பாடு கட்டியது. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நின்றுகொண்டு கையைத் தூக்கினால் தொடலாம், தொட்டால் கை பொத்துப்போகும். அங்கிளுக்கு முழங்கால் வலி. மாடி ஏறி வருஷக்கணக்காகிறது. வாசலில் மாமர நிழலில் உட்கார்ந்துகொண்டு எங்கள் அறையின் சீதோஷ்ணத்தைத் தீர்மானிப்பார்!

மார்ச் பிறந்ததும் ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கே அறை கொதிக்கும். குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் வெந்நீராக வரும். நான் கீழே போய்ச் சொன்னேன்.

"பாத்தியா, கீசரே வேணாம்!" என்றார் பெருமையாக.

தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "உங்க மெட்ராஸ்ல நேத்து எவ்ளோ?"

"முப்பத்தொம்பது அங்கிள்."

"இங்க?"

"முப்பத்தஞ்சு."

"அவ்ளோதான்! போய் ஸ்வெட்டர் போட்டுக்கோ, சளி புடிக்கும்."

என் அப்பா ஒருமுறை என்னைப் பார்க்க வந்தார். மாடியில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, சட்டை தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார். அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், இந்த வயசுல இப்படி வேர்க்கக் கூடாது. பிபி பாத்துடுங்க" என்றார். அப்பா பயந்துபோய் ஊருக்குத் திரும்பியதும் நேராக டாக்டரிடம் போனார். பிபி நார்மல்.

வேறு வீடு பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தோம். 'பேச்சிலர்ஸா? இல்லப்பா' என்று பத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஆகவே குமரேசன் ஒரு காரியம் செய்தான். வேலூரிலிருந்து ஒரு டேபிள் ஃபேனை ரஜாய்ப் போர்வையில் சுருட்டி, அங்கிள் கண்ணெதிரிலேயே மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். ரஜாயைப் பார்த்து அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். "குளிருதில்ல? நான் சொன்னேன்ல!"

அது கிழட்டு ஃபேன். போட்டால் தரையெல்லாம் அதிரும். முதல் நாளே படிக்கட்டின் அடியிலிருந்து குரல் வந்தது. "மேல என்னப்பா சத்தம்?"

"மிக்ஸி அங்கிள். சட்னி அரைக்கிறோம்!" என்று கத்தினான் குமரேசன்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. ஃபேன் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நாங்கள் ராஜாக்களாகப் படுத்திருந்தோம். மூன்றாவது மணி நேரத்தில் ஆன்ட்டி கையில் ஒரு கிண்ணத்தோடு மாடி ஏறி வந்துவிட்டார். "இவ்ளோ நேரமா அரைக்கிறீங்களே, எனக்கு ஸ்வல்ப, ஒரு கரண்டி சட்னி குடுங்கப்பா."

கதவு திறந்திருந்தது. ஆன்ட்டி ஃபேனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அதன் முன்னால் இரண்டு நிமிஷம் நின்று, முந்தானையை விரித்துக் காற்று வாங்கிவிட்டு, பெருமூச்சோடு இறங்கிப் போனார். புண்ணியவதி. ஆனால் கிண்ணம் காலியாகத் திரும்பியதில் அங்கிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில், எங்களையே கீழே தூக்கிவரச் சொல்லி, ஃபேன் பறிமுதல். கீழே ஹால் மூலையில் நிறுத்தி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி மேஜைவிரிப்பால் மூடிவைத்தார். எனக்கு ஆத்திரத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மே மாதம் வந்தது. எனக்குக் கணக்கில் அரியர் இருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாம் முறையும் போனால் அடுத்த வருஷத்துக்கு ஏற்ற மாட்டார்கள். அப்படிப் போனால், படித்தது போதும், நம்ம கடையில் வந்து உட்கார் என்று அப்பா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பரீட்சை. குமரேசன் தன் பரீட்சைகளை முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை, லைப்ரரி கிடையாது. மழைக்கு முந்திய புழுக்கம் வேறு. வியர்வை நோட்டில் சொட்டிச் சொட்டி, போட்ட கணக்கெல்லாம் மையாக ஓடியது. மத்தியானம் ஒரு மணிக்குத் தலை சுற்றியது. எழுந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"எங்கப்பா?" என்றார் அங்கிள்.

"ஊருக்கு. பரீட்சை எழுதப் போறதில்ல."

"ஏன், என்னாச்சு?"

"உங்க ரூம்ல மனுஷன் உக்கார முடியாது அங்கிள்! நாளைக்குப் போச்சுன்னா என் படிப்பே போச்சு. உங்களுக்கென்ன? உங்க பெங்களூர் மானம் பத்திரமா இருக்கும்!"

அங்கிள் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். பின்னாலேயே நானும் போனேன். அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் கையை வைத்துப் பார்த்தார். தலைக்கு மேல் ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து வியர்வை ஆறாக ஓடியது. இன்றைக்காவது இந்த மனிதர் வாயால் அந்த ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"இங்க வெளிச்சம் பத்தல" என்றார்.

வெளியே கண் திறக்க முடியாத வெயில்!

"கண்ணு கெட்டுடும்பா. கீழ ஹால்ல வந்து படி." சொல்லிவிட்டு என் நோட்டுகளை அவரே பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி இறங்கினார்.

அவருடைய மேஜையில் உட்கார வைத்தார். ஆன்ட்டி மோர் கொடுத்தார். அன்றைக்குக் கீழ்வீட்டில்கூடக் காற்று அசையவில்லை. நான் கணக்கில் இறங்கிவிட்டேன். மூன்று கணக்கு போட்ட பிறகுதான் கழுத்தில் சில்லென்று காற்றுப் படுவது உறைத்தது. திரும்பினால், அங்கிள் பக்கத்தில் நாற்காலி போட்டு, பேப்பரை மடித்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். நாலடி தூரத்தில் என் ஃபேன் மேஜைவிரிப்புக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைப் போட மட்டும் அந்தக் கை எழவில்லை.

"விசிறறீங்களா அங்கிள்?"

"சே சே! கொசுப்பா, கொசு. நீ சும்னே, பேசாம படி."

ஒரு கொசு கிடையாது. ஆறு மணிவரைக்கும் விசிறினார். வலது கை ஓய்ந்தால் இடது கை. நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

நாற்பத்தொரு மார்க்கில் பாஸ் செய்தேன். அடுத்த வருஷம் காலேஜுக்குப் பக்கத்திலேயே ஜன்னலும் ஃபேனுமாக நல்ல அறை ஒன்று காலியானது. குமரேசன் மட்டும் போனான். "நீ ஏன்டா அந்த அடுப்புல கெடக்கற?" என்று கேட்டான். காக்ஸ் டவுனிலிருந்து எனக்கு நேர் பஸ் இருக்கிறது, அதுதான் வசதி என்று சொன்னேன். நேர் பஸ்ஸாவது ஒன்றாவது! இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அந்த மனிதரை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.